வயதான பெற்றோருடன் மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவை பஸ்ஸிலேயே சுற்றிப் பார்க்க முடியுமா, கார் வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

தாராளமாக முடியும். "வயசானவங்கள பஸ்ல அலைய விடாதே" என்று உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அம்மாவோடு போனபோதும் இதே கதைதான். "ஐரோப்பா வரைக்கும் போயி டவுன் பஸ்ஸா?" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா கேட்டார். அம்மா அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

முதலில் கார் விஷயம். மால்டா 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு, இன்றும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதனால் நம்மவர்களுக்கு உடனே கை துறுதுறுக்கும். ஆனால் வல்லெட்டா ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தீபகற்பம், அவ்வளவுதான். உள்ளே வரும் கார்களை கேமரா பதிவு செய்து கட்டணம் போடுகிறது. நிறுத்த இடமும் கிடைக்காது. பஸ்ஸோ தீவின் எல்லா மூலையிலிருந்தும் நகர வாசலுக்கே வந்து நிற்கிறது. ட்ரைட்டன் நீரூற்றுப் பக்கம் இறங்கி வாசலைத் தாண்டினால் ரிபப்ளிக் தெரு.

உள்ளே நடைதான். 1565இல் ஒட்டோமன் முற்றுகையைச் சமாளித்த, அப்போது மால்டாவை ஆண்ட புனித யோவான் சபை வீரத்துறவிகள் மறு வருடமே இந்த நகரைக் கட்ட ஆரம்பித்தார்கள். மேட்டு நிலத்தில் நேர்கோடாகத் தெருக்களை இழுத்துவிட்டார்கள். மேப்பில் பார்க்க அழகாக இருக்கும், மூட்டு வலிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். பல தெருக்கள் படிக்கட்டுகளாகவே துறைமுகத்துக்கு இறங்குகின்றன. அதற்கும் வழி உண்டு. 133ஆம் எண் பஸ் நகரைச் சுற்றி வருகிறது. அப்பர் பராக்கா தோட்டத்திலிருந்து கீழே படகுத்துறைக்கு 58 மீட்டர் உயர லிஃப்ட் இருக்கிறது. அங்கிருந்து படகில், எதிர்க்கரையில் 'மூன்று நகரங்கள்' எனப்படும் ஊர்களுக்குப் போய்விடலாம்.

புனித யோவான் இணைப் பேராலயத்தைத் தவறவிடாதீர்கள். வெளியே வெறும் கல்கோட்டை, உள்ளே பொன். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த யோவானின் சிரச்சேத ஓவியம் அங்கேதான் இருக்கிறது. தரை முழுக்க அந்த வீரர்களின் கல்லறைகள், வண்ணப் பளிங்கில். மிதிக்க மனமில்லாமல் அம்மா ஓரமாகவே நடந்தார். ஓரத்திலும் கல்லறைதான், நான் சொல்லவில்லை. ஊசிக் குதிகால் செருப்புக்கு அனுமதியில்லை, தோளை மூடிக்கொண்டு போக வேண்டும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. பழைய தலைநகரமான இம்தினாவுக்கு வல்லெட்டாவிலிருந்து 51, 52, 53 போகும். போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. கோட்டை வாசல் ஸ்டாப்பில் அவ்வளவு கூட்டம். மால்டாவில் கையைக் காட்டினால்தான் பஸ் நிற்கும், நிரம்பியிருந்தால் கை காட்டினாலும் நிற்காது. ஒன்று போனது, அடுத்ததும் போனது. நான் டாக்சி ஆப்பைத் திறந்தேன். அம்மா, "இங்கயே நின்னா ராத்திரிதான் போவோம். வா, பஸ் வர்ற பக்கம் நடப்போம்" என்றார். இம்தினாவை ஒட்டிய ரபாத் ஊருக்குள் ஒரு ஸ்டாப் பின்னால் நடந்தோம். அடுத்த பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சீட். கோட்டை வாசல் கூட்டம் ஏறும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேலைக்கு வாழ்நாள் முழுக்க டவுன் பஸ்ஸில் போய் வந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "பெரியவர்களுக்கு பஸ் ஒத்துவராது" என்பவர்கள் எந்தப் பெரியவர்களைப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"ஆகஸ்ட் வெயிலில் போய் நின்று பார்" என்று கமெண்டில் வருவீர்கள். நியாயம்தான். நாங்கள் போனது ஏப்ரலில். கோடையில் கூட்டமும் கட்டணமும் கூடும். நாங்கள் போனபோது குளிர்காலக் கட்டணம் 2 யூரோ, கோடைக்கு 2.50. அதே டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறலாம். உள்ளூர்வாசிகளுக்கு 2022 அக்டோபர் முதல் சொந்தப் பெயரில் பஸ் அட்டை இருந்தால் இலவசம், அதனால் பஸ் காலியாக வரும் என்று கனவு காணாதீர்கள். டிரைவரிடம் பெரிய நோட்டை நீட்டாதீர்கள்.

பஸ்ஸைவிடப் பெரிய தலைவலி விசா. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் கூட்டமைப்பில் மால்டாவும் இருப்பதால் அந்தக் காகிதக் கட்டு முழுக்க வேண்டும். நாங்கள் போன ஏஜெண்ட், அம்மாவின் பென்ஷன் பாஸ்புக்கைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சார் வரலையா? மகன் யாராவது ஸ்பான்சர் லெட்டர் தருவாங்களா?" என்றார். அப்பா இல்லை, மகனும் இல்லை, செலவு அம்மாவுடையது. டிக்கெட்டே அவர்தான் எனக்கும் சேர்த்து எடுத்திருந்தார். அதைச் சொன்ன பிறகும் என்னைப் பார்த்து, "உங்க ஹஸ்பண்ட்?" என்றார். அம்மா ஃபைலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஃபாரத்தை நாங்களே நிரப்பினோம், விசாவும் வந்தது. உங்கள் பெற்றோருக்கு சொந்த வருமானம் இருந்தால் அவர்கள் கணக்கையே காட்டுங்கள்.

நள்ளிரவு விமானத்தில் இறங்குவதாக இருந்தால் மட்டும் டாக்சி எடுங்கள். அதற்கும் சித்தப்பா ஏதாவது சொல்வார், விடுங்கள்.