தனியாக நடத்தும் மனநல கிளினிக்கில் மாதச் செலவை எப்படிக் குறைப்பது?

எம்.டி. முடித்து மதுரையில் சொந்தமாக மனநல கிளினிக் தொடங்கியிருக்கிறீர்கள், ஃபீஸை ஏற்ற மனம் வரவில்லை, வாடகையும் சம்பளமும் போக கையில் நிற்பது குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் மனைவி திருச்சி தில்லைநகரில் மனநல மருத்துவர். கிளினிக் கணக்கு மட்டும் என் பொறுப்பு. நோயாளிகளின் ஃபைலை நான் தொடுவதில்லை. பில் புக்கும் பேங்க் ஸ்டேட்மென்டும் தெரியும், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மின்விளக்கு, பேப்பர், டீச் செலவு எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். அதில் தலைகீழாக நின்றாலும் மாதம் சில நூறு ரூபாய்தான் மிஞ்சும். பெரிய செலவு ஒன்றுதான்: பூட்டிக் கிடக்கும் அறை. வாடகை 25,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், மாலை 5 முதல் 9 வரை உட்கார்ந்தால் 100 மணி நேரம். அதாவது நீங்கள் நாற்காலியில் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 250 ரூபாய் வாடகை. காலை 10 முதல் 2 வரை வேறொருவர் அதே அறையில் பார்த்து, பாதி வாடகை கொடுத்தால் அது 125 ஆகிவிடும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாக வேறு எதுவும் எங்கள் கணக்கில் இல்லை.

யாரோடு பகிர்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தோல் மருத்துவர், சர்க்கரை நோய் மருத்துவர், டயட்டீஷியன் என்று யாராவது இருந்தால் நல்லது. காரணம் வாடகை மட்டும் இல்லை. நம் ஊர்களில் 'மனநல மருத்துவமனை' என்று மட்டும் போர்டு தொங்கும் வாசலில் ஏறத் தயங்குபவர்கள் நிறையப் பேர். நாலு டாக்டர் பெயர் இருக்கும் போர்டு என்றால், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலும் 'சுகர் செக்கப்' என்று சொல்லிவிடலாம். அதே காரணத்துக்காகத்தான் மெயின் ரோட்டுக் கடை வாடகையும் வீண் என்கிறேன். உள்ளே தள்ளி ஒரு கிராஸில் முதல் மாடி போதும். நடக்க முடியாத வயதானவர்களைக் கீழே வந்து பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பகிர்ந்தால் ஃபைல் அலமாரி தனியாக, சாவி உங்கள் கையில். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை.

வீட்டு முன்னறையிலேயே பார்த்தால் வாடகையே இல்லையே என்று தோன்றும். தமிழ்நாட்டு மின்கட்டண ஆணையில் அதற்கு ஒரு சலுகைகூட உண்டு: தொழில்முறை வல்லுநரின் வீட்டோடு ஒட்டிய, 200 சதுர அடிக்குள் அடங்கும் ஆலோசனை அறைக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும், வணிக இணைப்பு வேண்டாம். பல் டாக்டருக்கு இது சரி. மனநலத்துக்கு எனக்கு உடன்பாடு இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குடும்பமே வாசலில் வந்து நிற்கும். அதன் விலை மின்கட்டணத்தைவிட அதிகம்.

அடுத்தது, வராமல் போகிறவர்கள். வாங்கிய நேரத்துக்கு ஆள் வராவிட்டால் அந்த நேரத்துக்கும் வாடகை, சம்பளம், ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் சந்திப்புக்கு மட்டும் ஒரு சிறு தொகையை யுபிஐயில் முன்பணமாக வாங்கி ஃபீஸில் கழித்துவிடுகிறோம். சந்திப்புக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டலும் போகும். அதில் நேரமும் டாக்டர் பெயரும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, போனை யார் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாதே. பழைய நோயாளிகளிடம் முன்பணம் கேட்காதீர்கள். மனச்சோர்வில் படுக்கையைவிட்டு எழ முடியாதவரிடம் அபராதம் வாங்குவது அசிங்கம்.

பெரம்பலூர், புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களை இடையிடையே வீடியோவில் பார்த்துவிடலாம். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகள் அதை அனுமதிக்கின்றன. எல்லா மருந்தையும் அப்படி எழுத முடியாது, என்டிபிஎஸ் எனும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வரும் மருந்துகளுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாளை வீடியோவுக்கு ஒதுக்கினால் அன்றைக்கு அறையை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சைக்காலஜிஸ்டை மாதச் சம்பளத்தில் வைக்காதீர்கள், குறைந்தபட்சம் இப்போதைக்கு. வாரம் இரண்டு நாள் வந்து, பார்க்கும் ஆளுக்கு ஏற்பப் பங்கு எடுத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. விலைகொடுத்து வாங்கும் கேள்வித்தாள்களுக்குப் பதிலாக மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7, குடிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன.

ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு என்பதால் நாம் கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே மாதச் சந்தா சாஃப்ட்வேர், அலங்காரமான சர்வீஸ்டு ஆபீஸ் என்று யாராவது விலை சொன்னால் 18 சதவீதம் சேர்த்தே கணக்குப் போடுங்கள். சின்ன கிளினிக்குக்கு அட்டை ஃபைலே போதும்.

'நாலு பெட் போட்டால் வருமானம் வருமே' என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். நோயாளியைத் தங்க வைத்தால் அதே 2017 சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும். அப்புறம் இரவு நர்ஸ், காவல், சாப்பாடு. செலவைக் குறைக்க நினைப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கைவைக்கக் கூடாதவையும் சில உண்டு. ஆலோசனை அறையின் ஏசி ஆடம்பரம் இல்லை; ஜன்னலைத் திறந்தால் பேச்சு வெளியே போய்விடும். கதவு கனமாக இருக்கட்டும், அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், வெளியே டிவி ஓடட்டும். வரவேற்பில் இருக்கும் பெண்ணின் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வராமல் போனவர் யார் என்பது எங்கள் கிளினிக்கில் முதலில் அவருக்குத்தான் தெரியும். இரவு அழைப்புக்கு மட்டும் தனி ஆள் வேண்டாம். 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸை, 14416, மருந்துச் சீட்டின் அடியில் அச்சடித்துக் கொடுக்கிறோம்.