பக்கத்து வீட்டுக் கொடியும் கெலுலுட் பெட்டியும்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். பின்பக்கச் சுவரோரம் கெலுலுட் எனும் கொடுக்கில்லாத தேனீக்கு இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். "பிள்ளைங்களக் கொட்டிட்டா யாரு பொறுப்பு? மாநகர் மன்றத்துல சொல்லிடுவேன்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. குடியிருப்புப் பகுதியில் தேனீ வளர்ப்பது குற்றமா?
- வாசகி, ஜெலுத்தோங்

பதில்: சட்டம் இருக்கட்டும் தங்கச்சி, முதலில் பெட்டியின் வாயைப் பாருங்கள். பிசினால் கட்டிய குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பில் காவல் ஈக்கள் நிற்கும். அந்தக் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான், வெயில் ஏறியதும், கூட்டமாகப் பறக்கும். அது அக்கா துணி காயப்போடும் கொடிக்கு நேராக இருந்தால் அவர் பயப்படுவது நியாயம்தான். கெலுலுட்டுக்குக் கொடுக்கு கிடையாது, உண்மை. ஆனால் கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். குழந்தை அலறிவிடும்.

வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். ஒரே நாளில் வேண்டாம், வெளியே போன ஈக்கள் வீடு தெரியாமல் தவிக்கும். இருட்டிய பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சுவர்மேல் ஆள் உயரத்துக்கு வலை கட்டினால் மேலெழும்பிப் பறக்கும். வைத்திருப்பது இத்தாமா இனமா, தொராசிக்காவா? தொராசிக்கா உருவில் பெரியது, முரட்டுக் குணம். வரிசை வீட்டுக்கு இத்தாமாவே போதும்.

இனி சட்டம். அக்கம்பக்கத்துக்குத் தொல்லையானதை அகற்றச் சொல்லும் அதிகாரத்தை 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. தொல்லை என்று ஆகிவிட்டால் உங்கள் பெட்டிக்கும் அதே கதிதான். அதனால் புகார் போவதற்குள் நீங்களே மன்றத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுக்குமாடி வாசகர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. அடுக்குமாடி நிர்வாகத்துக்கான ஸ்ட்ராட்டா துணைவிதிகளின்படி, மற்றவர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை, நிர்வாகக் குழுவின் எழுத்து அறிவிப்பு கிடைத்த 3 நாளுக்குள் அகற்றியாக வேண்டும்.

நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எறும்பு ஏறாமல் இருக்க, பெட்டி வைக்கும் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறார்கள். அதில் ஏடிஸ் கொசுப் புழு நெளிந்தால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தில் உங்களுக்கு அபராதம் வரும். தேனீயைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள். கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றுங்கள், அல்லது கால்களில் கிரீஸ் தடவுங்கள்.

கொசுப் புகை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் பெட்டியை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, புகை அடங்கியதும் எடுங்கள். மூடாமல் விட்டால் கூட்டமே செத்துவிடும்.

அக்காவை ஒரு சாயங்காலம் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்காமல் பக்கத்திலேயே நின்று பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பூச்சிக்கடி ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். உண்டு என்றால், பேச்சே வேண்டாம், பெட்டியைத் தோட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது ஒப்படையுங்கள்.