‘காப்பி வேணுமா’ என்று கேட்டது தப்பா?

கேள்வி: பெங்களூரில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி அம்பாசமுத்திரம் வந்து ஆறு மாதம் ஆகிறது. கணவரின் பெரியம்மா வந்திருந்தபோது, “காப்பி வேணுமா அத்தை?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன். “இப்பதான் குடிச்சிட்டு வாரேன்” என்றார். விட்டுவிட்டேன். மறுநாள், ‘ஒரு வாய் காப்பிகூடத் தரல’ என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் பேச்சு. வேண்டாம் என்றவருக்கு எப்படிக் கொடுப்பது? இன்னொன்று, பக்கத்து வீட்டு நண்பர் என் கணவரை என் எதிரிலேயே “ஏலே” என்கிறார்.

பதில்: தங்கச்சி, வில்லங்கம் அந்த ‘வேணுமா’வில்தான். ‘ஆமா, வேணும்’ என்று சொல்லிவிட்டால் வந்தவர் கேட்டு வாங்கிக் குடித்தவர் ஆகிவிடுகிறார். ஒன்றைக் கேட்கும் சொல்லிலேயே படி பார்த்த மொழி நம்முடையது. தாழ்ந்தவர் ‘ஈ’, ஒத்தவர் ‘தா’, உயர்ந்தவர் ‘கொடு’ என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. மூத்தவர் ஒருவர் மருமகளிடம் வந்து ‘ஈ’ என்பாரா?

அதனால் கேட்காதீர்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, “சீனியா, கருப்பட்டியா அத்தை?” என்று கேளுங்கள். அப்போதும் ‘வேண்டாம்’ வரும். அது மரியாதைக்கு. நிஜமான ‘வேண்டாம்’ காரணத்தோடு வரும்: சுகர், விரதம், ராத்திரி உறக்கம் பிடிக்காது. ‘இப்பதான் குடிச்சேன்’ என்பதெல்லாம் காரணத்தில் சேர்த்தி இல்லை.

‘தயவுசெய்து’, ‘தேங்க்ஸ்’ இரண்டையும் வீட்டுக்குள் குறைத்துக்கொள்ளுங்கள். என் மாமியாரிடம் ஒருமுறை தேங்க்ஸ் சொல்லி, “நான் என்ன வேத்தாளா?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். இங்கே மரியாதை வினைச்சொல்லின் வாலில் தொங்குகிறது: ‘சாப்ட்டியளா’, ‘அவிய வந்திருக்காவ’. அந்த வால் சரியாக இருந்தால் தேங்க்ஸை யாரும் தேட மாட்டார்கள்.

‘ஏலே’ விஷயம். உங்கள் கணவரும் அவரைத் திருப்பி ‘ஏலே’ என்கிறாரா? அப்படியானால் கவலையே வேண்டாம், கூடப் படித்த பயல்களாக இருக்கும். திருப்பிச் சொல்ல முடியாதவரிடம் சொல்லும் ‘லே’தான் அசிங்கம். வயலில் வேலை செய்யும் பெரியவரை, பேரன் வயதுப் பையன் அப்படிக் கூப்பிடுவதை நானே கேட்டிருக்கிறேன். அதை ஊர் வழக்கு என்று சொல்லி மூடக் கூடாது.

பெரியம்மா வீட்டுக்கு இந்த வாரமே போய் வாருங்கள். சாரி, கீரி எல்லாம் வேண்டாம். காப்பி தருவார். ஒரு தடவை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாங்கிக் குடித்துவிடுங்கள்.