சிங்கப்பூரின் 9 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி): கொடுப்பது எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு?

கேள்வி: எனக்கு 54 வயது. உட்லண்ட்ஸில் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கிடங்கில் வேலை, மாதச் சம்பளம் 2,400 வெள்ளி. மனைவி நிரந்தரவாசி, வேலைக்குப் போகவில்லை. கோடீஸ்வரருக்கும் 9 விழுக்காடு, எனக்கும் 9 விழுக்காடு என்பது எப்படி நியாயம்? தேக்காவில் ஒரு சின்னக் கடையில் ரசீதில் ஜிஎஸ்டி என்று தனியாகப் போட்டு வாங்குகிறார்கள். அதைக் கொடுக்கத்தான் வேண்டுமா? 'பொருளியல் வளர்கிறது என்கிறார்கள், அப்புறம் ஏன் வரியை ஏற்றுகிறார்கள்?' என்று தொழிற்கல்லூரியில் படிக்கும் மகன் கேட்கிறான்.

பதில்: முதலில் அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி வாங்கும் கடை தன் பதிவு எண்ணை அதில் அச்சிட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள வியாபாரம் கட்டாயம் பதிவு செய்யவேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் விரும்பினால் செய்யலாம். பதிவு செய்யாத கடை ஜிஎஸ்டி என்ற பெயரில் ஒரு காசுகூட வாங்கக் கூடாது, வாங்கினால் குற்றம். எண் இல்லையென்றால் கேளுங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கடையின் பெயரைத் தட்டினாலும் தெரிந்துவிடும். நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பணம்.

சரி, நியாயத்துக்கு வருவோம். கணக்கு போடாமல் இதைப் பேசினால் கோபம்தான் மிஞ்சும்.

கடையில் 10 வெள்ளி 90 காசுக்கு ஓர் அரிசிப் பை வாங்கினால், அதற்குள் 90 காசு வரி. அதாவது கொடுத்த தொகையை 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மளிகை, மின்சாரம், தண்ணீர், கைப்பேசி, துணிமணி, பேருந்து எல்லாம் சேர்த்து மாதம் 1,300 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் வரி சுமார் 107 வெள்ளி, ஆண்டுக்கு ஏறக்குறைய 1,290. வீட்டுக் கடன் தவணைக்கு ஜிஎஸ்டி கிடையாது. பலதுறை மருந்தகத்தில் மானியக் கட்டணத்துக்கு உரிய ஜிஎஸ்டியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது.

மாதம் 30,000 வெள்ளி சம்பாதித்து 8,000 செலவழிப்பவர் சுமார் 660 வெள்ளி ஜிஎஸ்டி கட்டுகிறார். தொகை பெரிது. ஆனால் அவர் சம்பளத்தில் அது 2.2 விழுக்காடுதான். உங்கள் சம்பளத்தில் 107 வெள்ளி என்பது 4.5 விழுக்காடு. உங்கள் மனத்தில் உறுத்துவது வெறும் ஆதங்கம் இல்லை, எண்ணிலேயே இருக்கிறது.

அரிசிக்கும் பருப்புக்கும் வரி விலக்கு கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். கொடுத்தால் அந்த 30,000 வெள்ளிக்காரருக்கும் விலக்கு கிடைக்கும். அதனால் சிங்கப்பூர் எல்லாரிடமும் வாங்கி, வசதி குறைந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழியில் போகிறது. 2012இல் தொடங்கிய ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு அதற்குத்தான். 2025 விதிப்படி, 21 வயது நிரம்பிய குடிமகன், ஆண்டு வருமானம் 39,000 வெள்ளிக்குள், வீட்டின் ஆண்டு மதிப்பு (வாடகைக்கு விட்டால் ஓராண்டில் வரக்கூடிய தொகை) 21,000க்குள், ஒன்றுக்கு மேற்பட்ட சொத்து இல்லை என்றால் ஆகஸ்டில் 850 வெள்ளி ரொக்கம். மூவறை வீட்டுக்கு மின்சார, தண்ணீர்க் கட்டணத்தில் யூ-சேவ் கழிவு வழக்கமாக ஆண்டுக்கு 340 வெள்ளி. ஆக 1,190. நகர மன்றத்தின் சேவை, பராமரிப்புக் கட்டணக் கழிவையும் சேர்த்தால் நீங்கள் கொடுத்ததும் வாங்கியதும் ஏறக்குறைய சரிக்குச் சரி.

உங்கள் மனைவி குடிமகளாக இருந்தால் இன்னொரு 850 வந்திருக்கும், நீங்கள் தெளிவாக லாபத்தில் இருப்பீர்கள். அதே அடுப்பு, அதே அரிசி, ஆனால் நிரந்தரவாசிக்கு ரொக்கம் இல்லை. நம் சமூகத்தில் இப்படிக் கலந்த குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு இது நெருடலாகத்தான் இருக்கிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மகனின் கொண்டோவுக்குக் குடிவந்து, அடையாள அட்டையில் முகவரியை மாற்றிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். கையில் வருமானம் ஒரு வெள்ளி இல்லை. ஆனால் அந்த வீட்டின் ஆண்டு மதிப்பு 31,000ஐத் தாண்டியதால் ரொக்கம் நின்றுபோனது. வீட்டை வைத்து ஆளை அளந்தால் இப்படித்தான் சிலர் விடுபட்டுப்போவார்கள்.

மகன் கேட்டது நல்ல கேள்வி. ஜிஎஸ்டி 1994இல் 3 விழுக்காடு, 2007இல் 7, 2023இல் 8, 2024இல் 9. முன்பெல்லாம் ஆட்களைக் கூட்டினோம், கடலைத் தூர்த்து நிலத்தைக் கூட்டினோம், வளர்ச்சி வந்தது, வரி வருமானமும் தானாக ஏறியது. இப்போது ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டரில் நிற்கிறோம். கார்களின் எண்ணிக்கைக்கே 2018 பிப்ரவரியிலிருந்து வளர்ச்சி விகிதம் பூஜ்யம். 2023இல் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 0.97. 2030 வாக்கில் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். வளர்ச்சி வந்தாலும் அதைவிட வேகமாக மருத்துவச் செலவு ஏறும். நாடு சேர்த்துவைத்த இருப்புநிதியின் முதலீட்டு வருமானத்திலும் அதிகபட்சம் பாதியைத்தான் செலவழிக்க அரசியலமைப்பு இடம் கொடுக்கிறது. அந்தப் பூட்டை உடைக்கக் கூடாது என்பது என் கருத்து, அது உங்கள் மகன் காலத்துக்கும் வேண்டிய பணம்.

அப்படியானால் வேறு எங்கே எடுப்பது? வருமான வரியின் உச்சம் ஏற்கெனவே 22இலிருந்து 24 விழுக்காடாகிவிட்டது. ஆனால் சொத்து மதிப்பு வளரும்போதும் அது வாரிசுக்குப் போகும்போதும் அந்த ஆதாயத்தை நாம் தொடுவதில்லை. மூலதன ஆதாய வரி கிடையாது, மரபுரிமைச் சொத்து வரியை 2008இல் எடுத்துவிட்டோம். பணம் ஹாங்காங்குக்குப் போய்விடும் என்ற பயம் அப்போது இருந்தது, அவர்கள் 2006இலேயே எடுத்துவிட்டார்கள். வங்கிப் பணத்துக்கு அந்தப் பயம் சரி. நிலத்துக்கும் பங்களாவுக்கும் அது பொருந்தாது. சொந்தக் குடியிருப்புக்கான சொத்து வரி 2024 முதல் உச்சத்தில் ஆண்டு மதிப்பில் 32 விழுக்காடு. அடுத்த முறை பணம் தேவைப்படும்போது ஜிஎஸ்டியைத் தொடுவதற்கு முன் இந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆகஸ்டுக்கு முன் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பேநவ் என்னும் பணம் பெறும் வசதி உங்கள் அடையாள அட்டை எண்ணோடு இணைந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். கைப்பேசி எண்ணோடு மட்டும் இணைத்திருந்தால் போதாது. உங்கள் முதலாளி மசேநிதி (மத்திய சேமநிதி) ஒழுங்காகக் கட்டினால், 3,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்கும் உங்களுக்கு, குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் வேலைநலன் துணை வருமானமும் தானாக வரவேண்டும், விண்ணப்பம் தேவையில்லை. வரவில்லையென்றால் மசேநிதி அறிக்கையை எடுத்துக்கொண்டு மசேநிதிக் கழகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.