ழ-வை கொரிய எழுத்தில் எப்படி எழுதுவது?

வணக்கம் அக்கா,

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறேன். லாக்டவுன் சமயத்தில் என் அப்பத்தா படுத்த படுக்கையாக இருந்தார்கள். ராத்திரி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. தூங்கிவிடக் கூடாது என்று போனில் கொரிய நாடகம் பார்க்க ஆரம்பித்தேன். அப்பத்தாவும் பார்ப்பார்கள். ஒன்றும் புரியாது, ஆனாலும் ‘அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?’ என்று கேட்பார்கள். அவர்கள் போனபிறகு ஒரு வருடம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்தப் பாட்டுகளும் நாடகங்களும்தான் கூட இருந்தன. எழுத்து நானாகவே கற்றுக்கொண்டேன், இப்போது ஆன்லைனில் வகுப்பு போகிறேன். வீட்டில் ஒரே கிண்டல். மாமா ஒருவர் ‘சப்ப மூக்குக்காரனத்தான் கட்டிக்கப்போறியா’ என்கிறார். எனக்கோ, போன ஜென்மத்தில் அங்கே பிறந்திருப்பேனோ என்று தோன்றுகிறது. செம்பவளம் என்ற தமிழ் இளவரசி கொரியாவின் ராணியானார் என்று ஒரு வீடியோ பார்த்து அழுதுவிட்டேன். அது உண்மையா? தமிழும் கொரியனும் ஒரே குடும்பமா? இல்லை, நான் நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறேனா? (இரண்டு அரியர் இருக்கிறது.) கடைசியாக ஒன்று: என் பெயரில் உள்ள ழ-வை கொரிய எழுத்தில் எப்படி எழுதுவது? வகுப்பில் யாரினி என்று எழுதச் சொல்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

யாழினி

*

அன்புள்ள யாழினி,

(மற்ற வாசகர்களுக்கு: இது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. கேள்வியே ழகரத்தைப் பற்றியது என்பதால் ழகரம் உள்ள பெயராகத் தேடிப் போட்டிருக்கிறேன்.)

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். கொரியாவில் இதற்கு ஒரு சின்னச் சம்பிரதாயமே உண்டு, உன் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். வயதில் சின்னவர் பெரியவரிடம் ‘பேச்சைக் கீழே வையுங்கள்’ என்பார். மரியாதை விகுதியெல்லாம் எனக்கு வேண்டாம், சாதாரணமாகப் பேசுங்கள் என்று அர்த்தம். ‘நீன்னே சொல்லுங்க சார், நான் சின்னப் பையன்தான்’ என்று நம் ஊர் டீக்கடையில் தினமும் கேட்கிற அதே வாக்கியம்.

முதலில் இளவரசி விஷயத்தை முடித்துவிடுவோம். சம்குக் யூசா என்று ஒரு பழைய கொரிய நூல், இர்யோன் என்ற பௌத்தத் துறவி 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுத்தது. கி.பி. 48-ல் அயுதா என்ற நாட்டிலிருந்து பதினாறு வயது இளவரசி ஒருத்தி கப்பலில் வந்து, அன்றைய கொரியாவில் இருந்த கயா நாட்டு மன்னர் சுரோவைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அதில் இருக்கிறது. கல்யாணம் நடந்ததாகச் சொல்லும் வருடத்துக்கும் அதை எழுதிய வருடத்துக்கும் நடுவில் 1,200 வருடத்துக்கு மேல் இடைவெளி. அயுதா என்றால் அயோத்திதான் என்று ஒரு கட்சி, 2001-ல் அங்கே நினைவுச்சின்னமே வைத்துவிட்டார்கள். இல்லை, பாண்டிய நாடுதான் என்பது நம் ஆட்களின் கட்சி. அவள் பெயர் ஹொ ஹ்வாங்-ஒக். ஹ்வாங்-ஒக் என்றால் மஞ்சள் நிற ஜேட் கல். அது எந்த வழியில் போய் செம்பவளம் ஆயிற்று என்பதை அந்த வீடியோக்காரரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் கிம்ஹே நகரத்தில் அவளுடைய சமாதி என்று ஒன்றை இன்றைக்கும் பராமரிக்கிறார்கள், அவள் வழி வந்ததாகச் சொல்லும் கிம்ஹே கிம், கிம்ஹே ஹொ என்ற இரண்டு குலத்தாரும் பங்காளி முறை என்று சொல்லி ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுக்காமல் இருந்தார்கள். அதெல்லாம் உண்மைதான். நடந்த கதையா என்றால், எனக்கு அப்படித் தெரியவில்லை.

அடுத்தது ஒரே குடும்பமா என்ற கேள்வி. தமிழும் கொரியனும் ஒத்துப்போகும் சொற்கள் என்று வாட்ஸாப்பில் சுற்றும் பட்டியலுக்கு ஒரு மூலவர் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர். 1886-ல், இருபத்துமூன்று வயதில், அரசர் தொடங்கிய பள்ளியில் ஆசிரியராக சியோலுக்கு வந்தவர். கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு 1905-ல் ஒரு புத்தகமே போட்டார். மொழியியலாளர்கள் அதை இன்று ஏற்பதில்லை. அம்மா - ஒம்மா, அப்பா - அப்பா, நாள் - நல், புல் - புல் என்று பத்திருபது சொற்கள் ஒத்துப்போவது உறவுக்குச் சாட்சி ஆகாது. இங்கே இந்த ஒலி என்றால் அங்கே அந்த ஒலி என்று நூற்றுக்கணக்கான சொற்களில் ஒழுங்காக வர வேண்டும், அப்படி வரவில்லை. போதாக்குறைக்கு அம்மா, அப்பா மாதிரிச் சொற்கள் குழந்தைகள் வாயிலிருந்து உலகம் முழுக்க வருகின்றன.

ஆனால் ஹல்பர்ட்டை நான் விட மாட்டேன், உன் கடிதத்தைப் படித்ததும் ஞாபகம் வந்தது அவர்தான். அந்த மனிதருக்கும் கொரியாவுக்கும் என்ன ரத்த சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. படித்தவர்கள் சீன எழுத்தில்தான் எழுதுவோம் என்று பிடிவாதமாக இருந்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொரியர்களின் சொந்த எழுத்தான ஹாங்குலிலேயே உலக பூகோளப் புத்தகம் எழுதினார். ஜப்பான் கொரியாவை விழுங்கிக்கொண்டிருந்தபோது அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1949-ல், எண்பத்தாறு வயதில், கப்பலேறித் திரும்பி வந்து ஒரு வாரத்துக்குள் சியோலிலேயே செத்துப்போனார். லண்டனில் ராஜாக்களைப் புதைக்கிற தேவாலயத்தைவிட கொரிய மண்ணில் புதைக்கப்படவே விரும்புகிறேன் என்று அவர் சொன்னது யாங்ஹ்வாஜின் இடுகாட்டில் அவர் கல்லறைமேல் இருக்கிறது. மொழிக்கு உறவு தேடியதில் அவர் தப்பு. ஒரு ஊரை நேசிக்க உறவு தேவையில்லை என்பதற்கு அவரே போதும். அதனால் போன ஜென்மத்தை விட்டுவிடு. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருந்த ராத்திரிகளே உனக்கு வேண்டிய காரணம், அதற்கு மேல் ஒரு சான்றிதழ் எதற்கு?

அப்படியானால் உனக்குத் தோன்றுகிற நெருக்கம் வெறும் பிரமையா என்றால், இல்லை. இலக்கணத்தில் இருக்கிறது. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, ‘போங்க’வில் நாம் சேர்க்கும் ங்க-வுக்கு அவர்களிடம் ஒரு யோ. நாம் ‘எங்க அம்மா’, ‘எங்க வீட்டுக்காரர்’ என்கிறோம் இல்லையா, அவர்களும் உரி ஒம்மா, உரி நம்ப்யொன் என்பார்கள், உரி என்றால் நாங்கள், எங்கள். ‘என் கணவர்’ என்று தனியாகப் பிரித்துச் சொன்னால் இரண்டு ஊரிலும் கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்கும்.

ஒலியில் இன்னும் ருசியான விஷயம் ஒன்று உண்டு. இறைச்சிக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையை கோகி என்று தமிழில் எழுதிப் படி. காகம் என்பதைப் படிக்கிற மாதிரி முதல் க-வை அழுத்தியும் நடுவில் வரும் க-வை மெலிதாகவும் உன்னையறியாமல் படிப்பாய். கொரியன் பேசுபவரும் அப்படித்தான் சொல்வார், அவர்களுக்கும் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இங்கிலீஷ் வழியாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் முட்டுவார்கள், உனக்கு இனாம். (அதற்காகத் துள்ளாதே. காற்றை ஊதிச் சொல்லும் க ஒன்று, க்க மாதிரி இறுக்கமானது ஒன்று என்று இன்னும் இரண்டு வைத்திருக்கிறார்கள், அந்த இறுக்கமானதை வார்த்தையின் முதலிலேயே போடுவார்கள், அங்கே நம் நாக்கு தடுக்கும்.) ரொட்டிக்கு ப்பாங் என்று சொல்கிறார்களே, அது போர்த்துகீசியச் சொல், ஜப்பான் வழியாகப் போனது. இலங்கைத் தமிழர்கள் பாண் என்று சொல்வதும் அதே போர்த்துகீசியச் சொல்தான். தமிழுக்கும் கொரியனுக்கும் சந்தேகமில்லாத ஒரு சொந்தம் வேண்டுமென்றால் இந்த பேக்கரிச் சொந்தத்தை வைத்துக்கொள்.

சரி, இனி உனக்குப் பிடிக்காத ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். எங்கள் கொரிய மேனேஜருக்கு ஐம்பது வயது இருக்கும். டீ கொண்டு வரும் அம்மா அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த அம்மா டம்ளரை நீட்டும்போதெல்லாம் அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இரண்டு கையாலும் வாங்கி, தலையைக் கொஞ்சம் தாழ்த்துவார். அந்த அம்மாவுக்கு வெட்கமாகிவிடும். ‘எதுக்கும்மா இந்த ஆளு சாமி பிரசாதம் வாங்குற மாதிரி வாங்குறாரு?’ என்று என்னிடம் கேட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்தது. அதே வாரம், அவரைவிட இருபது வயது சின்னவனான கொரிய இன்ஜினியர் ஒருவனை அதே அறையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் கத்தினார், ஃபைல் பறந்து வந்து என் மேஜைக்குக் கீழே விழுந்தது. அந்தப் பையன் குனிந்த தலையோடு ‘நே... நே...’ (சரிங்க, சரிங்க) என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றான். சாயங்காலம் விருந்தில் அந்தப் பையனே அவருக்கு இரண்டு கையாலும் கிளாஸில் ஊற்றிக்கொடுத்து, தான் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாடகத்தில் ஒருத்தி ‘ஓப்பா’ (அண்ணா என்று அர்த்தம், காதலனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்று இழுக்கும்போது உனக்கு இனிக்கிறது. அந்தச் சொல்லும் அந்தப் பையனின் ‘நே’யும் ஒரே இலக்கணத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாடம். யார் மூத்தவர், யார் எத்தனை வருடம் சீனியர் என்று தெரியாமல் அந்த மொழியில் ஒரு வினைமுற்றை முடிக்க முடியாது. நீ வீட்டில் எதைப் பார்த்து மூச்சுமுட்டி ராத்திரி போனைத் திறந்தாயோ, ‘பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே’, அது அங்கேயும் உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். சப்டைட்டிலில் இது வராது, மொழி படித்தால் வரும். அதனால்தான் படி என்கிறேன். எல்லாம் கேட்டபிறகும் பிடித்திருந்தால் அது வேறு மாதிரிப் பிடித்தல்.

தப்பித்து ஓடுகிறேனா என்று கேட்டாய். எங்கே போய் நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது. பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுவின் ஜே-ஹோப் 2015-ல் வந்த ஒரு பாட்டில் 062-518 என்று ஒரு எண் சொல்வார், கேட்டிருப்பாய். 062 அவருடைய ஊரான குவாங்ஜுவின் போன் குறியீடு, 518 என்றால் மே 18. 1980-ல் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்களையும் ஜனங்களையும் ராணுவம் அடித்தும் சுட்டும் கொன்ற நாட்களின் தொடக்கம் அது. பாட்டைக் கேட்டு ஆடிவிட்டுப் போகலாம், தப்பில்லை. அந்த எண் என்ன என்று தேடிப் போகிறவளை ஓடுகிறவள் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு கதை, தமிழ் படிக்கிறவர்களுக்குத் தைக்கும். ஜப்பான் ஆட்சியில் பள்ளிகளிலிருந்தே கொரிய மொழியைத் துரத்திக்கொண்டிருந்த சமயம், கொரிய மொழிக் கழகம் என்று ஒரு சிறு கூட்டம் 1929-லிருந்து அகராதி வேலை செய்துகொண்டிருந்தது. 1942-ல் போலீஸ் அவர்களைக் கைது செய்ய ஆரம்பித்தது, இரண்டு பேர் சிறையிலேயே இறந்தார்கள், கையெழுத்துப் பிரதி முழுவதும் சாட்சியப் பொருளாகப் போய்விட்டது. அகராதிதான் குற்றம். 1945-ல் விடுதலை வந்து மூன்று வாரம் கழித்து சியோல் ரயில் நிலையத்துச் சரக்குக் கிட்டங்கியில் அந்தக் காகிதக் கட்டுகள் கிடைத்தன. 1947-ல் முதல் தொகுதி வந்தது, ஆறாவது தொகுதி வர 1957 ஆயிற்று. நீ ராத்திரியில் உட்கார்ந்து பழகிய எழுத்துக்குப் பின்னால் இந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

மாமாவுக்குப் பெரிதாகப் பதில் வேண்டாம். அடுத்தவன் மூக்கைச் சொல்கிறவருக்கு, நம் தோலைப் பார்த்து வேறு ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒருநாள் யாராவது சொல்லிவிட்டால் போதும். அந்த ஊரிலும் சொல்கிறவர்கள் உண்டு, அதையும் தெரிந்துகொண்டே போ.

அரியரை முடி. கொரிய அரசு உதவித்தொகையில் மேற்படிப்புக்குப் போனால் முதல் வருடம் மொழிதான் சொல்லித்தருவார்கள், ஆனால் விண்ணப்பத்துக்கே 80 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். அதற்கு முன்னால் டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வு, ஆறு நிலை, முதல் இரண்டை இந்த வருடமே எழுதலாம்.

கடைசியாக ழ. 15-ஆம் நூற்றாண்டில் செஜோங் மன்னர் எழுத்தை உண்டாக்கியபோது, வாயில் ஒலி பிறக்கும் இடத்தைப் படமாகவே வரைந்துவிட்டார். தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லால் சொன்னதை இவர் கோட்டில் போட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ந-வுக்கு நாக்கு மேலே தொடும் கோடு, பார்க்க நம் ட மாதிரி. ம-வுக்கு வாய், ஒரு சதுரம். ப-வுக்கு நம் ப-வையே நடுவில் ஒரு கோடு போட்டு எழுதுகிறார்கள் (இது தற்செயல், யாரும் வீடியோ போட வேண்டாம்). இவ்வளவு யோசித்தவர் ழ-வை யோசிக்கவில்லை, அவர் மொழியில் அது இல்லை. ர, ல, ள, ழ, ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எழுத்து. இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக வந்தால் ர, இரட்டித்தால் ல்ல. ஆக உனக்கு இரண்டு வழிதான், யாரினி அல்லது யால்லினி.

உன் அப்பத்தா உன்னை எப்படிக் கூப்பிட்டார்கள்? திண்டுக்கல் பக்கத்து அப்பத்தாக்களை எனக்குத் தெரியும், நிச்சயமாக யாளினி என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள், நீயும் ஒருநாளும் திருத்தியிருக்க மாட்டாய். யால்லினி என்று எழுதிக்கொள். அந்தக் குரலுக்கு அதுதான் கொஞ்சம் பக்கம்.

அன்புடன்,
அக்கா