பழைய தமிழ்ப் புத்தகம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததா என எப்படி அறிவது?

முதலில் முகப்புத் தாளைப் பாருங்கள். ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கலாம். ‘சர்வசித்து வருடம்’ என்றிருந்தால் 1887ஆக இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சி என்பதால் 1827, 1947 ஆகவும் இருக்கலாம். அச்சுக்கூடத்தின் பெயரையும் தாளையும் சேர்த்துப் பார்த்தே கணிக்க வேண்டும். யானைத் தும்பிக்கை போன்ற கொம்புள்ள பழைய ‘லை’, ‘ணை’ எழுத்துகளை மட்டும் நம்பி விலை கொடுத்துவிடாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தம் வரை அவை அச்சில் இருந்தவைதான்.

தாள் நிறையவே சொல்லும். கந்தல் துணியிலிருந்து செய்த தாள் இன்றும் வளையும். அதற்குப் பின் வந்த மரக்கூழ்த் தாள் அமிலத்தால் பழுப்பேறி, விரல் பட்டாலே அப்பளமாக நொறுங்கும்.

என்னிடமுள்ள நிகண்டு (செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்) ஒன்றின் கடைசிப் பக்கத்தில் யாரோ கட்டைப்பேனாவால் பால் கணக்கு எழுதியிருக்கிறார். அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். புத்தகம் புழங்கிய வீட்டின் தடம் அது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பசை தாளில் மஞ்சளாக ஊறிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. அரிய நூலாகத் தோன்றினால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் காட்டி விசாரியுங்கள்.