பீர் கட்சிக்கு 16 இடம்: போலந்து கேள்வி-பதில்

கே: சோவியத் யூனியனிலிருந்து பிரிந்ததும் போலந்தின் முதல் பிரதமரானவர் சாலிடாரிட்டி தொழிற்சங்கத் தலைவர் வலேசாதானே?

ப: ஒரே வரியில் இரண்டு தவறு. போலந்து சோவியத் யூனியனின் பிடியில் இருந்ததே தவிர, அதன் உறுப்பாக ஒருநாளும் இருந்ததில்லை. 1989-இல் பிரதமரானவர் மசோவியெட்ஸ்கி. வலேசா ஜனாதிபதியானது 1990-இல். கேள்வி அனுப்புமுன் பழைய வரைபடம் ஒன்றையாவது புரட்டிப் பாருங்கள்.

கே: 1989 தேர்தல் சுதந்திரமாக நடந்ததா?

ப: அரைகுறையாக. கீழவையான செய்மில் கம்யூனிஸ்ட் அரசு எதிரணிக்குத் திறந்துவிட்டது மூன்றில் ஒரு பங்கு இடங்களை மட்டும். அவை மொத்தத்தையும், மேலவையில் 100-க்கு 99-ஐயும் எதிரணியான சாலிடாரிட்டி அள்ளிவிட்டது.

கே: பீர் பிரியர்கள் கட்சி நாடாளுமன்றம் போனது நிஜமா?

ப: நிஜம். 1991-இல் 16 இடம். உள்ளே போனதும் பெரிய பீர், சின்ன பீர் என்று இரண்டாகப் பிரிந்தார்கள்.

கே: 1993-இலேயே மக்கள் பழைய கம்யூனிஸ்ட்டுகளைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களே, ஜனநாயகம் அங்கே தோற்றுவிட்டதா?

ப: இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. வாக்கு வேறு, இடம் வேறு. 1991-இல் குறைந்தபட்ச வாக்கு வரம்பு கிடையாது. முப்பது குழுக்கள் போல செய்முக்குள் புகுந்தன, முதலிடம் பிடித்த கட்சிக்கே 12%தான். அதனால் 1993-இல் தனிக்கட்சிக்கு 5%, கூட்டணிக்கு 8% என்று கோடு போட்டார்கள். பழைய கம்யூனிஸ்ட்டுகளான இடதுசாரிகள் சேர்ந்து நின்றார்கள். வலதுசாரிகளோ ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு தலைவர்; வரிசையாகக் கோட்டுக்குக் கீழே விழுந்தார்கள். பதிவான வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. இடதுசாரிகளும் விவசாயிகள் கட்சியும் வாங்கியது 36%, கிடைத்தது 460-இல் 303. கதவைத் திறந்துவிட்டது வலதுசாரிகளின் வீம்பு.

சரி, வந்தவர்கள் ஒருகட்சி ஆட்சியைக் கொண்டுவந்தார்களா? இல்லை. 1997-இல் தோற்றார்கள், நாற்காலியை விட்டு எழுந்து போனார்கள். 2001-இல் மறுபடி வந்து, 2005-இல் மறுபடி போனார்கள். ஜனநாயகம் வேரூன்றியதா என்று கேட்டால் நான் பார்ப்பது அதைத்தான். யார் ஜெயித்தார்கள் என்பதை அல்ல.

கே: 2015-இல் வலதுசாரிகளான சட்டமும் நீதியும் கட்சிக்கு 38% வாக்குதான். தனிப்பெரும்பான்மை எப்படி வந்தது?

ப: திரும்பவும் சொல்கிறேன், வாக்கு வேறு, இடம் வேறு. இந்த முறை மாட்டியவர்கள் இடதுசாரிகள். கூட்டணி என்று பதிந்துகொண்டு ஏழரை சதவீதம் வாங்கினார்கள்; 8% கோட்டைத் தொடாததால் அந்த வாக்கெல்லாம் வீணாகி, வென்ற கட்சியின் இடங்கள் கூடின. ஏழரைச் சனிதான், வேறென்ன! தனிக்கட்சி என்று பதிந்திருந்தால் உள்ளே போயிருப்பார்கள்.

கே: போலந்துக்காரர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போவதில்லையாமே?

ப: எந்த ஆண்டுக் கணக்கு? 2005-இல் 40%, உண்மை. 2023-இல் 74%.